பதினைந்தாவது பெயர்

நூலகம் உண்டா என்கிறது நான்காம் பக்கம்.
உண்டு என்று எழுதினேன்.
கரையான் தொடாத பதினோரு புத்தகங்கள்
பிஸ்கட் டின்னுக்குள் இருக்கின்றன.
கழிப்பறை?
ஆறு என்று எழுதிவிட்டு உடனே அடித்தேன்,
எண்ணிக்கை என்று நினைத்துவிடுவார்கள்.
ஆசிரியர் ஊதியம்:
ரப்பர் விலை விழுந்ததால் போன மாதம் கெளுத்தி மீன்.
அதற்குக் கட்டம் இல்லை.

மாணவர்கள் குறைந்தது பதினைந்து பேர் வேண்டும்.
படகுத் தச்சர் சியஹ்ரானியின் மூன்று பிள்ளைகள்,
மரம் அறுக்கும் கூடத்திலிருந்து ஆறு பேர்,
எப்போதும் சண்டையிடும் இரட்டையர்,
கீழ்க்கரையிலிருந்து இருவர்,
ஆற்றில் நீர் இருந்தால் மட்டும் வரும் மஸ்தூரா.
அப்புறம் லென்சி.

லென்சியின் வீட்டில் தொழுகை இல்லை.
அக்கரையில் பொன் சலிக்கும் அவள் அப்பா
முன்னோருக்குச் சேவல் அறுத்து
மஞ்சள் அரிசி தூவுகிறவர்.
அரசுப் பள்ளி படகில் நான்கு மணி நேரம்.
ஒரு கட்டுப் பிரம்பை வாசலில் சாய்த்துவைத்து
"எழுத்து எல்லாருக்கும் ஒன்றுதானே, டீச்சர்" என்றார்.
நாங்கள் தொழும்போது அவள் படியில் உட்கார்ந்து
செருப்புகளை நாய் கவ்வாமல் பார்த்துக்கொள்வாள்.
கேட்டே நாலைந்து சூராக்கள் அவளுக்கு மனப்பாடம்.
நான் சொல்லித்தரவில்லை. காதைப் பொத்தவும் சொல்லவில்லை.

மதம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
"ஒரு சொல்தானே, எழுதிவிடு, அனுமதி கிடைத்துவிடும்"
என்றார் குழுத் தலைவர் ஹாஜி பஹ்ருன்.
அந்தச் சொல்லை எந்தப் பாடவேளையில் நடத்துவது என்று கேட்டேன்.
சிரித்தபடி எழுந்து போனார்.
ஒரு வாரம் பேசவில்லை.

அதிகாரி வந்தார்,
கலிமந்தானின் அத்தனை வளைவுகளையும்
வாந்தியெடுத்து முடித்து.
இளநீர் குடித்தார். கூரை ஓட்டைகளை எண்ணினார்.
யாராவது வாசியுங்கள் என்று
கையிலிருந்த கோப்பையே நீட்டினார்.
லென்சி எழுந்தாள். முதல் வரியிலேயே நின்றாள்.
"ஐயா, இது எங்கள் ஆறு இல்லை.
லமுனிங் மலைக்கு அந்தப் பக்கம்.
எங்களுடையது லமுனின்."

ஒன்பது ஆண்டுகள்.
நாங்கள் கேட்ட மேசைகளும் பாடநூல்களும்
கரும்பலகைக்கான மறுப்புக் கடிதமும்கூட
வேறோர் ஆற்றின் மேல் போயிருக்கின்றன.
"அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறதா?" என்றார்.
"குரங்குகள் இருக்கின்றன" என்றான் இரட்டையரில் ஒருவன்.

கடைசி எழுத்தை அடித்துத் திருத்தினார்.
பக்கத்தைப் புரட்டினார்.
நான் வெறுமையாக விட்டிருந்த கட்டத்தின் மேல்
அவர் பேனா கொஞ்ச நேரம் நின்றது.
மூடிவைத்தாரா, மை தீர்ந்ததா,
எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஆகஸ்டு.
நீர் முழங்காலுக்கும் கீழே.
கடிதம் கொண்டுவர எந்தப் படகும் மேலேறாது.
மஸ்தூராவின் ஓடம் சேற்றில் சாய்ந்து கிடக்கிறது,
பதிவேட்டில் இன்று பதினான்கு.
லென்சி ஆற்றை நடந்தே கடந்து வருகிறாள்,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.