டாலரைத் தட்டாதீர்கள்

மெரிபேங்க் நூலகத்தின் பின்னறை, சனிக்கிழமை.
ஆறு கணினி; அதில் ஒன்று கெட்டது.
நான் எழுதிய பக்கத்தை ஆளுக்கொரு தாளாகக் கொடுத்துவிட்டுச்
சுவரோரம் நின்றேன்.
வாயைத் திறப்பதில்லை என்பது
எனக்கு நானே போட்ட நிபந்தனை.

தலைப்பு: "ஐந்தே நிமிடத்தில் உங்கள் ப்ராம்ப்ட், உங்கள் விருப்பப்படி."

இருபது நிமிடம் ஆயிற்று.
சரோஷினி நாயக்கர்,
துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்குப் பார்ப்பவர்,
முதல் வரியிலேயே நின்றிருந்தார்.
தாளில் இருந்ததை இருந்தபடியே தட்டியிருந்தார்,
முன்னால் நிற்கும் $ உட்பட.
அப்படியொரு கட்டளை இல்லை என்றது ஷெல்.
மறுபடி தட்டினார். மறுபடியும் இல்லை.
பிறகு என்னிடம் அல்ல, தாளிடம் கேட்டார்:
"இது ஏன் டாலர்? நம்ம காசு ரேண்ட் இல்லையா?"

யாரும் சிரிக்கவில்லை.
மற்ற நால்வர் திரையிலும் அதே டாலர்.

பதினோரு வருடமாகப் பார்க்கிறேன் அந்தக் குறியை.
பார்த்துப் பார்த்தே காணாமல் போயிற்று,
எண்ணெய் ஆலை வாடை
இங்கே பிறந்த மூக்குக்குத் தெரியாதது போல.
அது தட்ட வேண்டிய எழுத்தல்ல;
சொல்லு, கேட்கிறேன் என்று
இயந்திரம் காட்டும் முகம்.
இதை நான் எங்கேயும் எழுதவில்லை.

"உங்கள் கோப்பில் இந்த வரியைச் சேர்க்கவும்."
எந்தக் கோப்பில்?
புள்ளியில் தொடங்குவதால்
பட்டியலில் தலைகாட்டாத கோப்பு அது.
விலாசம் தராமல் விருந்துக்கு அழைத்திருக்கிறேன்.
"எளிதாக" என்ற சொல்லை எண்ணிப் பார்த்தேன்.
ஒன்பது.

இரவு எட்டுக்கு மின்சாரம் போனது.
மடிக்கணினியில் முப்பத்தெட்டு சதவீதம்.
தலைப்பிலிருந்து ஐந்து நிமிடத்தை எடுத்தேன்.
முதல் வரி: டாலரைத் தட்டாதீர்கள், அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது.
அடுத்து: பழைய கோப்பை நகலெடுத்து வையுங்கள்,
கெட்டால் திரும்பி வர.
வண்ணம் கடைசியில்.
வண்ணக் குறியின் இருபுறமும் அடைப்பு வேண்டும்;
மறந்தால் நீண்ட வரி கீழே இறங்காமல்
தன் தலைமேலேயே ஏறி எழுதும்.
பயப்படாதீர்கள் என்று சேர்த்தேன். அழித்தேன்.
பயம் அவர்களுடையது; நான் யார் தடுக்க?
திரும்பும் வழியை மட்டும் தடித்த எழுத்தில் வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை
சரோஷினி பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தார்.
வண்ணம் வேண்டாம், ஊர்ப்பெயர் வேண்டாம்.
டாலரைத் தூக்கிவிட்டு அங்கே
ரேண்டின் R.

பின்னால் ஓர் இடைவெளி விடவில்லை.
அவர் தட்டியதெல்லாம்
R-ஓடு போய் ஒட்டிக்கொண்டது.
என்னைப் பார்த்தார்.
நான் தாளைப் பார்த்தேன்.
இடைவெளி பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.