நாற்பத்தொன்றாம் கூண்டு

பர்லியாறில் மண் சரிந்த இரவு
பெங்களூரிலிருந்து வந்த வேன்
ஆறு மணிநேரம் அசையாமல் நின்றது.
உள்ளே பன்னிரண்டு சுண்டெலிகள்.
ஓட்டுநர் தன் கம்பளியைப் பெட்டிமேல் போர்த்திவிட்டு
நடுங்கிக்கொண்டே குன்னூர் வந்து சேர்ந்தார்.
"ஒண்ணொண்ணும் ஒரு பவுன் விலையாமே மேடம்?"
அதைவிடக் கூட என்று நான் சொல்லவில்லை.

அதற்கு முன் இரண்டு வருடம்
சாதாரண எலிகளோடு மல்லுக்கட்டினோம்.
மனிதப் புரதத்தைக் கரைத்து ஊசியில் ஏற்றி
பதினைந்து நாளுக்கொரு முறை,
ஆடிச் சாரலிலும் மார்கழி உறைபனியிலும்.
அவற்றின் உடம்பு கண்டுகொள்ளவே இல்லை.
இதுதான் எங்களிடமும் இருக்கிறதே,
எழுத்து நாலு மாறியிருக்கிறது, அவ்வளவுதானே,
சொந்தக்காரனை யார் விரட்டுவார்கள்?
இரத்தத்தில் கிடைத்த எதிர்ப்பொருள்
பழைய கோந்து மாதிரி.
ஒட்டும். ஒரு அலசலில் உதிரும்.

ஆகவே இந்தப் பன்னிரண்டு.
இவற்றின் பாட்டன் கருவாய் இருந்தபோதே
ஒரு மரபணுவை அழித்துவிட்டார்கள்.
அந்தப் புரதம் இந்த வம்சத்தில்
ஒரு துளியும் சுரந்ததில்லை.
இல்லாமலும் தின்றன, குட்டி போட்டன,
சக்கரத்தில் ஓடின.
எதற்காகத்தான் இருந்ததோ அது.

கூண்டுகளுக்குப் பொறுப்பு போஜன்.
பிறந்ததிலிருந்து அவர் மூக்குக்கு வாசனை கிடையாது.
அம்மோனியா நெடிக்கு நாங்கள் ஓடிவரும் அறையில்
நாளெல்லாம் நிற்பார்.
ஒரு எலிக்குச் சுகமில்லை என்றால்
முதலில் தெரிவது அவருக்கு.
மயிர் நிற்கிற கோணம்,
மரத்தூளைக் குவிக்கிற விதம்.
"நாப்பத்தொண்ணு இன்னிக்கு வேற மாதிரி பாக்குது."
எப்படித் தெரியும் என்றால்
"நீங்கல்லாம் மோந்து பாப்பீங்க.
நான் பாக்கத்தானே முடியும்."

முதல் ஊசி. இரண்டாவது. மூன்றாவது.
நிணக்கணுவுக்குள் நடப்பதை நாங்கள் பார்த்ததில்லை,
படித்திருக்கிறோம்:
ஒவ்வொரு செல்லும் தன் பிடியைத்
தப்பும் தவறுமாய்த் திருத்தித் திருத்தி எழுதும்.
இறுகப் பிடித்தது பிழைக்கும்.

நவம்பரில் தட்டு போட்டோம்,
தொண்ணூற்றாறு குழிகள்.
வாசலில் ஒரு காட்டெருமை
ரெஜினாவின் ஸ்கூட்டியை மறித்து நின்ற மாலை.
வீட்டுக்குப் போக வழியில்லாமல்
அவள் அலசிக்கொண்டே இருந்தாள்.
ஐந்து முறை போதும் என்கிறது குறிப்பேடு.
அவள் பதினொன்று அலசியிருந்தாள்.
அதற்குப் பிறகும்
நாற்பத்தொன்றின் வரிசையில் மட்டும்
மஞ்சள் எழுந்தது, வெட்கமில்லாத மஞ்சள்.
எருமை எப்போது போனது என்று யாரும் பார்க்கவில்லை.

கருவி பிறகு எண்ணில் சொன்னது:
பிடித்தால் பாதி விட்டுப்போகவே
ஒன்பது மணிநேரம்.

கடைசி ஊசி போட்டு நான்காம் நாள் மண்ணீரல்.
அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.
கார்பன் டை ஆக்சைடு. கத்தரி.
நீண்ட அவரை விதைபோல் ஒரு கருஞ்சிவப்பு.
கூண்டைக் கொண்டுவந்து வைத்த போஜன்
வழக்கம்போல் வெளியே போய்விடவில்லை.
அட்டையில் தேதி எழுதினார்.
தண்ணீர்ப் புட்டியைக் கழற்றி
இரண்டு தடவை கழுவினார்.

அதன் செல்லோடு புற்றுச் செல் சேர்ந்து
சாகத் தெரியாத ஒன்றாகி
இப்போது நைட்ரஜன் தொட்டிக்குள் கிடக்கிறது,
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறில்.
குன்னூர்க் குளிர் அதற்கு வெயில்.

நேற்று பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம்.
எதிர்ச்சரிவில் யூகலிப்டஸ் வெட்டிச் சாய்த்தார்கள்,
காற்றெல்லாம் அதுவே.
"இதுக்கு ஒரு வாசனை உண்டாமே மேடம்?"
உண்டு என்றேன்.
"எப்படி இருக்கும்?"
மூன்று பட்டம் வாங்கிய வாயைத் திறந்தேன்.
தைலம் மாதிரி, என்றேன்.
"தைலம் எப்படி இருக்கும்?"

மேட்டுப்பாளையம் பஸ் வந்தது.
எங்களுடையது இல்லை.