கால் பார்

மார்ச் கடைசி.
ஒஸ்டெர்சுண்டில் ஏரி இன்னும் உறைந்தே கிடக்கிறது.
கொட்டகை வாசலில், பனியின்மேல்
மஞ்சளாய் ஒரு கறை.
பக்கத்து வீட்டு நாய்தான் என்று நினைத்தேன்.
குனிந்து மோந்தேன்.
பெட்ரோல்.

அறுபத்தேழாம் வருடத்து வோல்வோ. இரட்டைக் கார்புரேட்டர்.
பிறக்கும்போதே பொருத்தியிருந்த பம்பில்
சவ்வு கிழிந்து
எஞ்சின் ஆயிலோடு பெட்ரோல் கலந்துவிட்டது
போன அக்டோபரில்.
குளிர்காலம் முழுக்க ஆல்ரிக் படித்தான், விலை விசாரித்தான்,
கடைசியில் பந்தயக் காருக்கான ஒன்றைத் தருவித்தான்.
சிவப்பு உடம்பு,
மணிக்கு நூற்று முப்பது லிட்டர்,
அரை பார் அழுத்தம்.
"கூடுதலாக இருந்தால் கெட்டா போகும்?"
சூப்புக்கு உப்புப் போடும்போது
அப்படிச் சொல்லமாட்டான்.

சாவியைத் திருப்பினான்.
குளவிக் கூட்டைக் கலைத்ததுபோல ஓர் இரைச்சல்.
முன் கிண்ணம் எப்படியோ தாங்கிக்கொண்டது.
பின் கிண்ணம் ததும்பி
வழிகுழாயில் இறங்கி
எக்சாஸ்டுக்கு ஒரு சாண் தள்ளிச் சொட்டியது.
எக்சாஸ்ட் சூடாகவில்லை. அதனால்தான்
இதை எழுத எனக்கொரு கொட்டகை மிச்சம்.

"பின்னால் இருக்கிற ஊசி தேய்ந்துவிட்டது," என்றான் ஆல்ரிக்.
ஊசியின்மேல் பழி.

அவனுக்குத் தெரியாததல்ல:
மிதவை எழும்பும், ஊசியை மேலே தள்ளும்,
ஊசி போய் வாசலை அடைக்கும்.
அந்த வாசலுக்கு வெளியே
எவ்வளவு பேர் முட்டலாம் என்று
ஒரு கணக்கு உண்டு. கால் பார்.
அதற்குமேல் போனால் ஊசி என்ன செய்யும், பாவம்,
தக்கைபோல ஒரு மிதவையை நம்பி நிற்பது.

நான் டயாலிசிஸ் வார்டில் வேலை செய்கிறவள்.
நிமிடத்துக்கு முந்நூறு மில்லி ஓடும் இயந்திரம் என் கையில்.
இங்கெயெர்ட் வரும் நாட்களில் இருநூறுக்கு இறக்குவேன்.
அவளுடைய ரத்தக்குழாய் அவ்வளவுதான் தரும்.
இன்னும் இழுத்தால் சுவரோடு சுவர் ஒட்டி
அலாரம் கத்தும்.
அப்போது அவள் கையைத் திட்டுவதில்லை நாங்கள்.
குமிழைத் திருப்புகிறோம்.

பால் அட்டைப்பெட்டியின் பின்னால் கணக்குப் போட்டேன்.
நூற்றுப் பதினைந்து குதிரைகளும்
ஒரே மூச்சில் ஓடினாலும்
மணிக்கு முப்பத்தைந்து லிட்டர்தான் குடிக்கும்.
நாங்களோ ஞாயிற்றுக்கிழமை
அவன் அக்கா வீட்டுக்குக் காபி குடிக்கப் போகிறவர்கள்.

சிவப்புப் பம்பைத் துடைத்து, பெட்டியில் வைத்து, கடைக்குக் கொண்டுபோனேன்.
ஹில்டிங் கல்லாவிலிருந்தே கேட்டான்:
"இன்னும் பெரிசு வேணுமா?"
"சின்னது."
"அழுத்தம் குறைக்கிற ரெகுலேட்டர் இருக்கிறதே, வாங்கிப் போட்டால்—"
"கத்துகிறவனை வாங்கி
வாயில் துணி வைப்பானேன்?"
உள்ளே போனான். வெகுநேரம் வரவில்லை.
வந்தபோது கையில் பழைய மாதிரி ஒன்று,
கறுப்பு மூடி, உள்ளே காந்தமும் சவ்வும்,
அறுபது லிட்டர், பூச்சியம் புள்ளி இரண்டு.
"இது டிக் டிக் என்று சத்தம் போடும்," என்றான்,
குறை சொல்வதுபோல.

டேங்குக்குப் பக்கத்தில், தாழ்வாக, ரப்பர் வைத்துப் பொருத்தினோம்.
தள்ளத் தெரிந்தது, இழுக்கத் தெரியாது
இந்த ஜாதிப் பம்புக்கு.
ஆல்ரிக் அடியில் மல்லாந்து கிடந்தான்,
நான் விளக்குப் பிடித்தேன்,
இருவரும் ஒன்றும் பேசவில்லை.
கிளிப் இறுகும்போது மட்டும்
"போதும்" என்றேன்.
இன்னும் அரைத் திருப்புத் திருப்பினான்.

சாவி.
டிக்டிக்டிக்டிக்டிக்
டிக் டிக் டிக்
டிக்
டிக்.
பிறகு ஒன்றுமில்லை.

"நின்றுவிட்டதே. பழுதா?"
"நிரம்பிவிட்டது."

கொட்டகையில் அப்படியொரு அமைதி.
கூரையிலிருந்து பனி உருகி வாளியில் விழுவது கேட்டது.
இரண்டு கிண்ணமும் விளிம்புக்குக் கீழே,
வேண்டிய மட்டத்தில், வாய் மூடி.
ஏதாவது சொல்லலாம் என்று திரும்பினேன்.
ஜெயித்தவள் சொல்கிற ஏதாவது.

டிக்.

ஒரே ஒரு தடவை.
எங்கோ ஒரு துளி கசிந்திருக்கிறது,
அதற்கு ஈடாக ஒரு துளி.

ஆல்ரிக் காரின் அடியிலிருந்து தலையை நீட்டினான்.
மூக்கில் கிரீஸ்.
"பின் ஊசி," என்றான், மெதுவாக.
"கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கிறது."

ஆமாம் என்றேன்.
அந்த ஒரு டிக்கை
அவனுக்கே விட்டுக்கொடுத்தேன்.