டிக்

நிந்தவூர் வெட்டுவாய்க்காலில்
வாளி சேற்றுக்குள். கல்முனைப் பக்கம் மழை கறுக்குது.
சாவியைத் திருப்பினால் டிக்.
மறுகா டிக்.

"பற்றரி போச்சுகா" என்றார் வயற்காரர் அலியார்.
முஸாதிக் மீற்றரை வைத்தான்: பன்னிரண்டு புள்ளி ஆறு.
பூட்டு லீவரா?
அதென்றால் டிக்கும் வராது,
போன போகத்தில் அரைநாள் கூலியைக் கொடுத்துப் படித்தது.

சாரனை மடித்து ஏறி
அலியார் சாவியைப் பிடிக்க,
பற்றரியின் மறைமுனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவில்
மீற்றர் காட்டியது ஏழு.
ஏழு வோல்ட்
வழியிலேயே நின்றுவிட்டது.

கடற்காற்று தின்ற ஏர்த் வயர்.
போல்ட்டுக்கடியில் பச்சை உப்பு.
உப்புத்தாளால் உரசினான்
செம்பு சிவக்கும் வரை.

"இப்ப திருப்புங்க."
கறுப்புப் புகை, மறுகா நிதானம்.
மழை விழத் தொடங்கிற்று.
அலியார் சீற்றை விட்டு இறங்கவில்லை:
"நான்தானே ஸ்டார்ட் பண்ணின."