இடது பக்கம் என்னுடையது

ஜனவரி. வாகனச் சோதனை நிலையம்.
அடிப்பாகத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனவர்
பின்சக்கரத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.
டங், டங் என்று வந்த ஓசை
அங்கே மட்டும் பொத் என்றது.
இரு பக்கமும் துரு என்று எழுதி
ஒரு மாதத் தவணை கொடுத்தார்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
கோட்காவின் சாலைகள் பத்தொன்பது பனிக்காலம்
உப்பிட்டிருக்கின்றன இந்த கொரோலாவுக்கு.
நினைத்து நினைத்தே ஓட்டையாகிவிட்டது.

துறைமுகத்துக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் ஹெய்மோ
தொள்ளாயிரம் யூரோ கேட்டார்.
காரை விற்றாலே எழுநூறுதான் வரும் என்றேன்.
"காருக்கு அது தெரியாதே" என்றார்
கையைத் துடைத்தபடி.

நூற்றைம்பதுக்குப் பழைய வெல்டிங் மெஷின் ஒன்று வாங்கினேன்.
முகமூடி நாற்பது. பிறகு
தோல் கையுறை, கேஸ் சிலிண்டர், வெட்டும் வட்டுகள்,
ஒரு மில்லிமீட்டர் தகடு இரண்டு.
கூட்டிப் பார்க்கவில்லை.
கூட்டினால் ஹெய்மோ ஜெயித்துவிடுவார்.

பகலில் பல் மருத்துவமனையில் வேலை எனக்கு.
வாய்க்குள் உறிஞ்சுகுழாயைப் பிடித்துக்கொண்டு
சின்னப் புள்ளியாய் இருந்த சொத்தை
சுரண்டச் சுரண்டக் குகையாவதை
தினமும் பார்க்கிறவள்.
அதனால்தான்
பெயிண்டைச் சுரண்டியதும் கட்டைவிரல் உள்ளே போனபோது
நான் அலறவில்லை.
நல்ல இரும்பு வரும்வரை வெட்டு.
வந்தது,
ஒரு சாண் தள்ளி.

முதல் நாள் தகடு உருகிச் சொட்டியது.
ஓட்டையை அடைக்கப் போய் அதைவிடப் பெரிய ஓட்டை.
அடுத்த நாள் ஒட்டியது. தட்டினேன்.
பழைய தபால்தலைபோல் உரிந்து வந்தது.
ஒரு சனிக்கிழமை காருக்குள் தரைவிரிப்பு பற்றிக்கொள்ள,
வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு
பனியில் உட்கார்ந்து சிரித்தேன்.
கை நடுங்கிக்கொண்டிருந்தது.

கண் பார்த்துப் பழகுகிற வேலை என்று நினைத்திருந்தேன்.
காது பழகுகிற வேலை.
கடுகு வெடிப்பதுபோல் விட்டுவிட்டுக் கேட்டால் தப்பு.
எண்ணெயில் மீன் பொரிவதுபோல்
ஒரே சீராக இரைந்தால் சரி.
மூன்றாம் வாரம், ஒரு விரல் நீளத்துக்கு,
மீன் பொரிந்தது.

இடது பக்கம் முடிந்தது.
காய்ந்த புறா எச்சம் என்று யாராவது சொன்னால்
சண்டைக்குப் போகமாட்டேன்.
தட்டினால் டங்.

வலது பக்கத்தை வெட்டிக்கொண்டே போனேன்.
துரு மேலேறி
பின்னிருக்கை பெல்ட்டின் போல்ட் வரை போயிருந்தது.
ஈலிஸ் உட்காரும் இடம்.
ஆறு வயது, போன மாதம்தான்.
பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டு
க்ளிக் என்று வாயாலும் சொல்லுவான்.

முகமூடியை இறக்கினேன்.
ஏற்றினேன்.
மறுபடி இறக்கினேன்.
உள்ளே ஒரே இருட்டு, என் மூச்சு மட்டும் சூடாக.
என் இருக்கை இடது பக்கம்.
என் தையல்மேல் நான் உட்காருவேன்,
எவ்வளவு வேகத்திலும்.

மெஷினை அணைத்தேன்.

வாடகை டிரெய்லர் அறுபது.
ஒரு பக்கத்துக்கு ஐந்நூற்றைம்பது என்றார் ஹெய்மோ.
பாதி வேலைக்குப் பாதிப் பணம் இல்லையா?
"வெட்டி வைத்திருக்கிறாயே,
அதைச் சரிசெய்யவும் சேர்த்துத்தான்."
பேரம் பேசவில்லை.

காரை எடுக்கப் போன அன்று
அவர் இன்னும் அடியில் படுத்திருந்தார்.
பார்த்தது தன் பக்கத்தை இல்லை, என் பக்கத்தை.
விளக்கை நகர்த்தி நகர்த்தி, ரொம்ப நேரம்.
பூட்ஸ் முனைகள் மட்டும் தெரிந்தன.
இரண்டு தட்டு தட்டினார்.
"ஒயர் வேகம் எத்தனை வைத்தாய்?"
"நாலரை."
"ம்."
அவ்வளவுதான்.
பணத்தை எண்ணும்போது
ஏனோ முகம் சூடாகிக் கிடந்தது எனக்கு.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பனி தூறியது.
பின்னால் ஒரு குட்டி க்ளிக்.
பாலத்தின்மேல் எங்களுக்கு முன்னே
நகராட்சியின் உப்பு லாரி போய்க்கொண்டிருந்தது,
இரு பக்கமும் அள்ளி அள்ளி இறைத்தபடி.