எஞ்சின் எந்தப் பக்கம்

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டால்
எண்ணாமல் நிற்கத் தெரியாது எனக்கு.
நாற்பத்திரண்டு பெட்டி, கடைசியில் கார்டு.
அந்தக் கண்ணோடுதான்
நசீர் பாய் கடை மூட்டைக்குள் கைவிட்டேன்.

பட்டை வயர். சாம்பல் நிறம்.
ரிப்பன் மாதிரி சப்பையாய்,
மடிப்பு மடிப்பாய் ஏதோ ஆபீசின் தூசி.
எல்லாம் ஒண்ணுதான், காப்பருக்குப் போடு
என்றார் பாய்.

ஒன்றில்லை.

முப்பத்துநாலு இழை என்றால் பிளாப்பி.
நடுவே ஏழு இழையை மட்டும் பிரித்து
ஒரு புரட்டு புரட்டி விட்டிருக்கும்.
கெட்டுப்போனது என்று முதல் வாரம்
அத்தனையும் நறுக்கிப் போட்டேன்.
புரட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டினால் 'ஏ',
இந்தப் பக்கம் 'பி'.
அவ்வளவுதான், அந்தப் புரட்டுக்கு அதுதான் வேலை.

நாற்பது வந்தால் ஹார்டு டிஸ்க், இல்லாவிட்டால் சிடி.
அதே அகலத்தில் மயிரிழையாய் எண்பது ஓடினால்
அதுவும் ஹார்டு டிஸ்க்தான்,
பின்னால் பிறந்த அவசரக்காரன்.
நீல முனை போர்டுக்கு, கறுப்பு டிஸ்க்குக்கு,
இரண்டாவதாக இன்னொன்று இருந்தால்
நடுவில் தொங்கும் சாம்பல் முனை.
ஐம்பது எங்காவது பெரிய கம்பெனியில் இருந்து வரும்.
ஸ்கஸி என்று பெயராம்,
சொல்லும்போதே பல் இடுக்கில் காற்று போகிறது.

முப்பத்தேழில் ஒன்று ஆணியில் தொங்குகிறது.
மூன்று முறை எண்ணியும் முப்பத்தேழுதான்.
எஞ்சின் தெரிகிறது, ஊர் தெரியவில்லை.

எஞ்சின் என்று நான் சொல்வது
ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோட்டை.
ஒன்று அங்கிருந்துதான் தொடங்கும்.

செவ்வாய்க்கிழமை எம்.சி. ரோடு பக்கமிருந்து
இருதயராஜ் என்று ஒருவர் வந்தார்.
எம்ப்ராய்டரி மெஷின்,
பிளாப்பியில் கொடுத்தால்தான் டிசைன் தின்னுமாம்.
மூன்று நாளாய்ப் பட்டினி.
இருநூற்று எண்பது ஸ்கூல் பேட்ஜ் பாக்கி,
திங்கள் திறப்பு.
வயர் போச்சு என்று மஞ்சள் பையிலிருந்து எடுத்தார்.
முப்பத்துநாலு. புரட்டு சரி. ஒரு பல்கூட உடையவில்லை.

பாய் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து
மூன்று விரல் காட்டினார். முன்னூறு.

சுவிட்ச் போட்டதும் லைட் எரியுதா சார்?
எரியுதும்மா.
அணையுதா?
அதான் அணையவே மாட்டேங்குது.
யார் கழற்றினது?
மச்சான். தூசி தட்ட.

திருப்பிச் சொருகியிருக்காரு சார்.
போர்டில் பொடி எழுத்தில்
ஒண்ணுன்னு போட்டிருக்கும்,
சிவப்பு அங்கே வரணும்.

வயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு
காசு எவ்வளவு என்று அவரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
அன்று நாலு மணிக்கு
எனக்கு மட்டும் டீ வரவில்லை.

ஆறு மணிக்குக் கடை போன் அடித்தது.
பாய் எடுத்தார். ஹலோ, ஹலோ என்றார்.
ராங் நம்பர், என்னவோ சத்தம் என்று
என்னிடம் நீட்டினார்.
டகடகடகடகடக.
பேச்சே இல்லை.
துணியை ஊசி குத்திக் குத்திப் போகும் சத்தம்,
கொஞ்சம் நின்று, நூல் மாறி,
மறுபடி டகடக.

வெளியே கேட் போட்டிருந்தார்கள்.
மணலியிலிருந்து டேங்கர் வண்டி,
ஒரு காதில் அது, ஒரு காதில் இது.
இருபத்தாறு வரை வந்தேன்.
அதற்குப் பிறகு எண்ணவில்லை.