விடுமுறைப் பாரம்

'காரணம்' என்ற கட்டம்
ஒரு கட்டைவிரல் அகலம்தான்.
அக்காள் கல்யாணம் என்று எழுதினேன்.
எனக்கு அக்காள் கிடையாது.
சார்ஜண்ட் வாழ்த்துச் சொல்லி
மூன்று நாள் போட்டுக் கொடுத்தார்.

கெமாஸிலிருந்து பகாவ் வரை
பேருந்துக்கு முன்னால் ஒரு செம்பனைக் குலை லாரி.
ஜன்னலோரம் நாட்களை எண்ணினேன்.
அறுபத்தொன்று.
மறுபடி எண்ணினேன். அறுபத்தொன்று.

முகாம் டாக்டரிடம் போயிருக்கலாம்.
ஆனால் அவர் தோளிலும் நட்சத்திரம் இருக்கிறது.
அவர் எழுதுவது என் கோப்பில் ஏறும்,
கோப்பு மேசை மேசையாக நடக்கும்,
என்னைவிட வேகமாக.

பகாவ் கடைத்தெரு, கோழிச்சோற்றுக் கடை மாடியில்
முதல் கிளினிக்.
பேர் பதிகிறவள் தலை தூக்கினாள்.
"நீ ரெண்டாம் லயத்து அஞ்சலாட்சி மகதானே?
பட்டாளத்துல இருக்கேன்னு அம்மா பெருமையா சொன்னாங்க."
இருமல் என்றேன்.
இருமிக் காட்டினேன்.
பதினெட்டு வெள்ளிக்கு ஒரு போத்தல் சிவப்பு மருந்து.

இரண்டாவதில் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார் டாக்டர்.
சட்டத்தில் இடமிருக்கிறது என்றேன், கைப்பேசியில் படித்திருந்தேன்.
இருக்கலாம், இந்த ஊரில் இல்லை என்றார்.
கணவர் வந்து கையெழுத்துப் போட்டால் பார்க்கலாம்.
கணவர் இல்லை.
அப்படியென்றால் அப்பா.

முகாமில் ஆயுதக் கிடங்கின் சாவி என் இடுப்பில்.
நூற்றிருபது ரைபிள், பெட்டி பெட்டியாய்த் தோட்டா;
எண்ணி எடுத்தேன், எண்ணி வைத்தேன் என்பதற்கு
கோப்ரல் யோகமலர் என்று ஒரு கிறுக்கல் போதும்.
என் வயிற்றுக்கு மட்டும் அது செல்லாதாம்.

மூன்றாவது சிரம்பானில்.
தொலைபேசியில் ஒரு சீனத்துப் பெண் குரல்.
ஏன் என்று கேட்கவில்லை, எத்தனை வாரம் என்று மட்டும் கேட்டது.
அந்த ஒன்றுக்கே எனக்கு அழுகை வந்துவிட்டது.
இரண்டாயிரம் வெள்ளி. வியாழக்கிழமை.
புதன் மாலை ஆறு மணிக்கு
நான் வரிசையில் நிற்க வேண்டும்.

அம்மாவைப் பார்க்கப் போகவில்லை.
தோட்டத்துச் சாலை பிரிகிற இடத்தில்
பேருந்து நின்றது, யாரோ இறங்கினார்கள்,
எண்ணெய் ஆலை வாடை உள்ளே ஏறி உட்கார்ந்தது.
பூட்ஸ் கயிறு கட்டுகிறவளைப் போலக் குனிந்துகொண்டேன்.
காலில் இருந்தது சிலிப்பர்.

இப்போது இன்னொரு பாரம்.
அதே கட்டம், அதே கட்டைவிரல்.
பேனாவை நீட்டிக்கொண்டே
கல்யாணம் நன்றாக நடந்ததா என்கிறார் சார்ஜண்ட்.
நடந்தது என்கிறேன்.

போன வாரம் கல்யாணமான அக்காளுக்கு
இந்த வாரம் என்ன ஆகலாம்
என்று யோசிக்கிறேன்.

அறுபத்தெட்டு.